ஸ்பிரிங் பெட்டிக்கு உங்கள் ஹெட்டைத் தெரியாது

“இதுலயே 11.5 வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கானே அண்ணே. இன்னும் எதுக்கு அளக்கணும்?”

கேட்ட தம்பி, வால்வு ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பி என் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தான். அவன் சொன்னது சரிதான். வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், 11.5 மி.மீ. வரை என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவன் வாங்கியிருந்த ஹைகேமின், அதாவது வால்வை வழக்கத்தைவிட அதிகம் திறக்கிற கேமின், லிஃப்ட் 10.8. கழித்துப் பார்த்தால் 0.7 மிச்சம், அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. ஸ்பிரிங்கைப் போட்டு, அதன் மேல் மூடியான ரிட்டைனரைப் பூட்டி, என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டை ஏற்றி, ஞாயிற்றுக்கிழமைக்குள் காரைக் கிளப்பிவிட வேண்டும்.

கார் பழைய புரோட்டோன் வீரா. உள்ளே இருப்பது சத்ரியா ஜிடிஐயில் வந்த அதே 4ஜி93பி என்ஜின், 1834 சிசி, பதினாறு வால்வு. என்ஜின் மாற்றியதை சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்து, புஸ்பாகோம் வாகனச் சோதனையையும் முடித்து வைத்திருந்தான். அந்த வயதில் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. அதற்காகவே அவனிடம் பொறுமையாகப் பேசலாம் என்று தோன்றியது.

நான் பொமன், அதாவது மெக்கானிக், இல்லை. பகலில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலங்களில் கோலாலம்பூர் செந்தூலில் மாமாவின் பட்டறையில் கிடப்பேன். மாமாவின் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அளக்காமல் எதையும் பூட்டக் கூடாது என்கிற பிடிவாதம் அந்தக் குடும்பத்துக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். மாமா அதிகம் பேச மாட்டார். வெர்னியரை எடுத்து நீட்டுவார், அவ்வளவுதான். விளக்குகிற வேலை எப்போதும் என் தலையில்.

பெட்டியில் உள்ள எண் பொய்யில்லை. ஆனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: பூட்டிய உயரம் 38.0 மி.மீ. அதாவது, உங்கள் ஹெட்டில் இந்த ஸ்பிரிங் சரியாக 38.0 உயரத்தில் உட்கார்ந்தால் மட்டுமே 11.5 லிஃப்டுக்கு இது தாங்கும். அந்த 38.0 உங்கள் ஹெட்டில் இருக்கிறதா என்று ஸ்பிரிங் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? அவன் உங்கள் ஹெட்டைப் பார்த்ததே இல்லை.

பூட்டிய உயரம் என்பது வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்குக்குக் கிடைக்கிற இடம். கீழே ஹெட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு, மேலே ரிட்டைனரின் அடிப்பக்கம், நடுவில் உள்ள தூரம். அதிலிருந்து லிஃப்டைக் கழித்தால் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம். சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இனிமேல் நெரிய இடமில்லை என்கிற உயரம் ஒன்று இருக்கிறது. பட்டறையில் காயில் பைண்ட் என்பார்கள். திறந்த உயரத்துக்கும் இந்த நெரிந்த உயரத்துக்கும் இடையில் மிஞ்சுவதுதான் நாம் தேடுகிற கிளியரன்ஸ். வெறும் கழித்தல் கணக்கு. பெட்டிக்காரன் கணக்கில் நெரிந்த உயரம் 25.0. ஆக 38.0 கழித்தல் 11.5 கழித்தல் 25.0, மீதி 1.5. அந்த 1.5-ஐ அவன் ஏற்கெனவே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் 11.5 என்று எழுதியிருக்கிறான்.

மிச்சம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? கேம் நிற்காது. அதை டைமிங் பெல்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது, பெல்ட்டை கிராங்க் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் கட்டியான இரும்பு உருளையாகிவிட்ட பிறகும் கேம் தள்ளும். எது முதலில் தோற்கிறதோ அது போகும்: கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள ராக்கர் உடையலாம், கேமின் மூக்கு உரிந்து போகலாம், ரிட்டைனரைப் பிடித்திருக்கும் காட்டர் நழுவி வால்வு சிலிண்டருக்குள் விழலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் பிஸ்டன், ஹெட், சில நேரம் பிளாக் எல்லாமே போய்விடும். 8000 ஆர்பிஎம்மில் கேம் 4000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறக்குறைய 67 தடவை திறந்து மூடுகிறது. முட்டிய பிறகு யோசிக்க நேரமே இருக்காது.

சரி, அளக்க ஆரம்பித்தோம்.

முதல் வேலை பூட்டிய உயரம். இதற்கென்றே ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் நுழைத்துத் திருகி அளக்கிற ஒரு மைக்ரோமீட்டர் உண்டு. மாமாவிடம் இருக்கிறது. இல்லாதவர்கள் வால்வை, அது மூடும்போது பதிகிற சீட்டில், மேலே இழுத்துப் பிடித்து, ரிட்டைனரையும் காட்டரையும் பூட்டி, டெலஸ்கோப் கேஜை நுழைத்து வெர்னியரில் படிக்கலாம். கொஞ்சம் கை நடுங்கினாலும் கால் மில்லிமீட்டர் தப்பும், அதனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுப்பது நல்லது. அப்புறம், எந்த ரிட்டைனரையும் காட்டரையும் போட்டு ஓட்டப் போகிறீர்களோ அதையே போட்டு அளக்க வேண்டும். பழைய ரிட்டைனரில் அளந்துவிட்டுப் புது ரிட்டைனரில் பூட்டினால் அளந்ததற்கு அர்த்தமே இல்லை. காட்டர் உட்காரும் பள்ளத்தின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பதினாறு இடத்திலும் அளந்தோம். தம்பி ஒரு பழைய கேலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். பெரும்பாலானவை 37.8, 38.0 என்று வந்தன. முதல் சிலிண்டரில் ஓர் இன்டேக் 37.4. மூன்றாவது சிலிண்டரில் ஓர் எக்ஸாஸ்ட் 38.9. ஒரே ஹெட்டுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

“இது எப்படி அண்ணே?”

சீட் வெட்டியதால்தான். எங்கேயோ ஓர் என்ஜினியரிங் கடையில் இந்த ஹெட்டுக்கு வால்வு சீட் வெட்டியிருக்கிறார்கள். அந்த எக்ஸாஸ்ட் சீட் எரிந்து குழி விழுந்திருக்கும், மற்றதைவிட ஆழமாக வெட்ட வேண்டியிருந்திருக்கும். சீட்டை வெட்ட வெட்ட வால்வு உள்ளே அமுங்குகிறது. அமுங்கிய அளவுக்கு அதன் தண்டு மறுபக்கம் மேலே ஏறுகிறது. ரிட்டைனரும் கூடவே ஏறும். ஸ்பிரிங்குக்கு இடம் கூடிவிடும். வால்வு முகத்தைத் தேய்த்தாலும் இதே கதைதான்.

இங்கே பலர் குழம்புகிற ஓர் இடம் இருக்கிறது. ஹெட்டை ஸ்கிம் செய்தால் ஸ்பிரிங் உயரம் மாறும் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாறாது. ஸ்கிம் செய்வது என்றால் ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாக இழைப்பது. வால்வு, சீட், ஸ்பிரிங் தட்டு மூன்றும் ஒன்றுக்கொன்று அதே தூரத்தில்தான் இருக்கும். ஸ்கிம் செய்தால் மாறுவது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான தூரம். அது தனிச் சோதனை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் ஒன்றை அளந்துவிட்டு இரண்டையும் அளந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

38.9 வந்த இடத்தைப் பார்த்ததும் தம்பிக்கு சந்தோஷம். “அங்க இன்னும் நிறைய இடம் இருக்குல்ல, அது சேஃப்தானே?”

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமானது. கிளியரன்ஸ் என்றாலே ‘குறையக் கூடாது’ என்ற ஒரு பக்கம் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். கூடினால் என்ன கெடுதல் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் கெடுதல் எளிதானது. அந்த ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 4 கிலோ விறைப்பு. 38.0 உயரத்தில் வால்வை 30 கிலோ விசையில் சீட்டோடு அழுத்தி வைத்திருக்கும். 38.9 உயரத்தில் அதுவே 26.4 கிலோவாகிவிடும். முதல் சிலிண்டரில் 37.4 இருந்த இடத்தில் 32.4 கிலோ. ஒரே என்ஜினில் ஒரு வால்வு இன்னொன்றைவிட 6 கிலோ தளர்வாக மூடுகிறது. என்ஜின் வேகமெடுக்கும்போது வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் பறக்கிற வேகத்தை யார் தீர்மானிப்பது? அந்தத் தளர்ந்த ஒரே வால்வுதான். மற்ற பதினைந்தும் 8000 வரை தாங்கினாலும் பிரயோஜனமில்லை.

வால்வு பறப்பது என்றால், கேமின் மூக்கைத் தாண்டிய பிறகு வால்வு அதன் சரிவோடு இறங்காமல் காற்றில் நிற்பது. வால்வு, ரிட்டைனர், ராக்கர் எல்லாவற்றின் எடையையும் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங் ஒன்றுதான். தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 6500-லிருந்து 8000-க்குப் போனால் வேகம் 23 சதவீதம்தான் கூடுகிறது, விசை 51 சதவீதம் கூட வேண்டும். ‘ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்தானே’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த என்ஜினில் இன்னொரு தொல்லையும் உண்டு. ராக்கரின் அடியில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற லாஷ் அட்ஜஸ்டர் இருக்கிறது. நம் ஊரில் ‘லிஃப்டர் சத்தம்’ என்று புலம்புவார்களே, அதே ஆள். அதன் வேலை எங்கே இடைவெளி தெரிந்தாலும் நீண்டு அடைப்பது. வால்வு பறந்தால் ஒரு கணம் இடைவெளி உண்டாகிறது, அட்ஜஸ்டர் அதை அடைத்துவிடுகிறது. இப்போது வால்வு சீட்டுக்குத் திரும்ப முடியாது. கொஞ்சம் திறந்தபடியே நிற்கும். கம்ப்ரெஷன் போய்விடும். பவர் அளக்கும் டைனோ மெஷினில் 7000-க்கு மேல் பவர் திடீரென்று சரிந்து, என்ஜின் கமறினால் எல்லோரும் இக்னிஷனையும் பெட்ரோலையும் தேடுவார்கள். சீட்டில் ஸ்பிரிங் அழுத்தம் போதுமா என்று கடைசியில்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது கெடுதல் கொஞ்சம் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஸ்பிரிங் வெறும் தள்ளுகிற பொருள் இல்லை. அதற்கும் எடை உண்டு, அதுவும் ஆடும். மாடிப்படியில் இறங்கவிட்டு விளையாடுகிற சுருள் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையைத் தட்டினால் அலை ஒன்று சுருள் சுருளாக ஓடி மறுமுனைக்குப் போய்த் திரும்பும். கேம் ஒவ்வொரு முறை தட்டும்போதும் வால்வு ஸ்பிரிங்கிலும் அதே அலை ஓடுகிறது. என்ஜின் வேகத்தின் ஏதோ ஒரு மடங்கு, ஸ்பிரிங்கின் இயல்பான அதிர்வோடு பொருந்திவிட்டால் அந்த அலை அடங்காமல் வளரும். அலை மேலே இருக்கும் நேரத்தில் ஸ்பிரிங்கின் விசை கணக்கில் உள்ளதைவிடக் குறைந்துபோகும். வால்வு முழுக்கத் திறந்த நிலையில் காகிதத்தில் 73 கிலோ காட்டுகிற ஸ்பிரிங் உண்மையில் அந்தக் கணத்தில் அவ்வளவு தராது.

வால்வு முழுக்கத் திறக்கும்போது சுருள்களுக்கிடையே நிறைய இடம் இருந்தால் அலைக்கு ஆட இடம் கிடைக்கிறது. இடம் குறைவாக இருந்தால் சுருள்கள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு வந்து, ஒவ்வொரு திறப்பிலும் அலை அடங்குகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் நெரிவுக்கு 1.5 மி.மீ. அளவுக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்குலத்தில் பேசுகிற பழைய ஆட்கள் 0.060 என்பார்கள்; ஸ்பிரிங் நல்ல தரமாக, அளவெல்லாம் நம்பும்படி இருந்தால் 0.050 வரை இறங்குவார்கள், அதாவது 1.3 மி.மீ. அதற்கும் கீழே போவது பந்தயப் பட்டறைகளின் வேலை. அவர்கள் அடிக்கடி பிரித்துப் பார்க்கிறவர்கள். நாம் காராக் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கி, மறுநாள் அதே காரில் வேலைக்குப் போகிறவர்கள்.

ஆக 38.9 இருந்த இடத்தில், பெட்டியின் 25.0 கணக்குப்படி, மிச்சம் 3.1 மி.மீ. இருப்பது பாதுகாப்பு இல்லை. தளர்வான விசையும் அடங்காத ஆட்டமும் ஒரே வால்வில்.

அடுத்தது ஸ்பிரிங்கையே அளப்பது. வைஸில் இரண்டு தட்டையான இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, முழுக்க நெரியும் வரை இறுக்கி வெர்னியரில் படித்தோம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நழுவினால் நேராக முகத்துக்கு வரும். பெட்டி 25.0 என்றது, எங்களுக்கு 25.3 வந்தது. இன்னும் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம், அதே 25.3 சுற்றித்தான். 0.3 பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 37.4 உயரமுள்ள இடத்தில், பெட்டி அனுமதித்த 11.5 லிஃப்டில் ஒரு கேமைப் போட்டிருந்தால் மிச்சம் 0.6 மி.மீ. என்ஜின் சூடேறி, ஆர்பிஎம் ஏறி, ஸ்பிரிங் அலையும்போது அந்த 0.6 எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

விறைப்பை அளக்க மாமாவிடம் ஒரு கை நெம்புகோல் டெஸ்டர் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் டிரில் பிரஸ்ஸின் அடியில் குளியலறை எடை மெஷினை வைத்து, சக்கால் ஸ்பிரிங்கை அழுத்தித்தான் பார்ப்பாராம். 38.0-க்கு அழுத்தினால் மெஷின் 30 காட்ட வேண்டும், 27.2-க்கு அழுத்தினால் 73. துல்லியம் சுமார்தான். ஆனால் பதினாறில் ஒன்று சோடை போயிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

‘அப்போ இன்னும் பலமான ஸ்பிரிங் வாங்கியிருந்தா பிரச்சினையே இல்லையே’ என்பது அவனுடைய அடுத்த யோசனை. இதுவும் எல்லோருக்கும் வருகிற யோசனைதான். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமனுடைய நான்காம் அடுக்கோடு ஏறும். கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெரிந்த உயரம் என்பது ஏறக்குறைய சுருள்களின் எண்ணிக்கையைக் கம்பித் தடிமனால் பெருக்கியதுதானே. ஏழு சுருள், 4.0 மி.மீ. கம்பி என்றால் 28. அதே ஏழு சுருளை 4.4 கம்பியில் சுற்றினால் 30.8. பலம் வாங்கப் போய் 2.8 மி.மீ. இடத்தைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். லிஃப்ட் கூடிய கேமுக்கு இடம்தான் வேண்டும். தேவைக்கு மேல் விறைத்த ஸ்பிரிங் கேமையும் ராக்கரையும் தேய்க்கவும் செய்யும்.

இரட்டை ஸ்பிரிங் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கைத் தனியாக அளங்கள். ரிட்டைனரில் அதற்கென்று ஒரு படி இருக்கும், அதன் பூட்டிய உயரம் வெளி ஸ்பிரிங்கினுடையது அல்ல. வெளியே இடம் தெரியும்போதே உள்ளே முட்டிக்கொண்டிருக்கலாம்.

லிஃப்டையும் நம்பிவிடக் கூடாது. கேமை வெர்னியரால் அளந்து, மொத்த உயரத்தில் வட்டப் பகுதியைக் கழித்து ‘இதுதான் லிஃப்ட்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பக்கெட் நேராக வால்வின்மேல் உட்காரும் என்ஜினுக்கு அது பொருந்தும். இதில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ராக்கர் இருக்கிறது, அது நெம்புகோல். கேம் தள்ளுவதைவிட வால்வு அதிகம் இறங்கும். டயல் கேஜை ரிட்டைனரின்மேல் நேராக நிறுத்தி, கேமைக் கையால் சுற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. அட்ஜஸ்டர் எண்ணெய் இல்லாமல் அமுங்கி லிஃப்டைக் குறைத்துக் காட்டும் என்பதால், மாமா ஒரு பழைய அட்ஜஸ்டரைப் பிரித்து உள்ளே வாஷர் அடுக்கி அசையாதபடி செய்து வைத்திருக்கிறார். அதைப் போட்டு, உண்மை ஸ்பிரிங்குக்குப் பதில் கையால் அமுக்கக்கூடிய மெல்லிய ஸ்பிரிங்கோடு சுற்றினோம். 10.75 வந்தது. கேமோடு வந்த அட்டை பொய் சொல்லவில்லை. கணக்கை 10.8 என்றே வைத்துக்கொண்டோம்.

இவ்வளவுக்கும் பிறகு, உண்மையிலேயே ஆபத்தாக இருந்த இடம் ஸ்பிரிங்கே இல்லை.

ரிட்டைனரின் அடிப்பக்கத்துக்கும் வால்வு சீலின் தலைக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தம்பி யோசிக்கவே இல்லை. யோசிக்காததில் ஆச்சரியமுமில்லை, ஸ்பிரிங் பெட்டியில் அதைப் பற்றி ஓர் எழுத்துகூடக் கிடையாது. வால்வு திறக்கும்போது ரிட்டைனர் கீழே இறங்கி வருகிறது. அங்கே வால்வுத் தண்டு ஓடுகிற குழாயான கைடின்மேல், எண்ணெய் இறங்காமல் தடுக்கிற ரப்பர் சீல் நிற்கிறது. அளப்பது சுலபம். மெல்லிய ஸ்பிரிங்கோடு வால்வைப் பூட்டி, டயல் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, ரிட்டைனர் சீலைத் தொடும் வரை விரலால் அமுக்க வேண்டும். கேஜ் 11.6 காட்டியது. 10.8 லிஃப்ட் போனால் மிச்சம் 0.8. இங்கேயும் 1.5 வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் பரவாயில்லை, இன்டேக் எட்டும் இப்படித்தான். அவன் வாங்கியிருந்த புது சீல் பழையதைவிட உயரமாக இருந்தது.

ரிட்டைனர் சீலில் இடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் மோசம். சீல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, கைடு வழியாக எண்ணெய் இறங்க ஆரம்பிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் வரும்போதும் நீலப் புகை. ‘ரிங் போச்சு’ என்று பிளாக்கைப் பிரிக்கிறவர்களும் உண்டு. சீல் முழுக்கப் போன பிறகு ரிட்டைனர் கைடின் இரும்பிலேயே மோதும்; அப்போது காட்டர் நழுவ வாய்ப்பு இருக்கிறது.

மாமா கைடின் தலையை 0.8 மி.மீ. இறக்கச் சொல்லி ஹெட்டை ஜாலான் ஈப்போவில் தெரிந்த ஒரு தவுக்கேயிடம், அதாவது பட்டறை முதலாளியிடம், அனுப்பினார். மிச்சம் 1.6 ஆனது. அந்த வேலைக்கு ஆன கூலி, தம்பி ரிட்டைனருக்குக் கொடுத்த வெள்ளியில் ஒரு சின்னப் பங்குதான். பொருளுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அளக்கவும் இழைக்கவும் ஆகிற கூலியில் பேரம் பேசுகிற வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

ஹெட் திரும்பி வந்ததும் ஷிம் போடுகிற வேலை. ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கிற மெல்லிய இரும்பு வளையம். நினைத்த தடிமனில் கிடைக்காது. கடையில் வழக்கமாக இருப்பவை அங்குல அளவில் 0.015, 0.030, 0.060. நம் கணக்கில் 0.38, 0.76, 1.52 மி.மீ. உயரம் குறைந்த 37.4-ஐ விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதை நோக்கி இறக்குவதாக முடிவு செய்தோம். 38.0 இருந்த இடங்களுக்கு 0.38 போட்டால் 37.6. 37.8 இருந்தவற்றுக்கும் அதே 0.38, 37.4-க்குக் கொஞ்சம் மேலே நின்றன. 38.9-க்கு 0.76-ம் 0.38-ம் சேர்த்துப் போட்டு 37.76-க்குக் கொண்டுவந்தோம், 1.52 ஒன்றையே போட்டிருந்தால் 37.38 வந்திருக்கும், அதையும் வைத்துப் பார்த்துவிட்டு மாமா தலையாட்டி எடுத்துவிட்டார். நெரிவுக்கு மிச்சம் 1.3-லிருந்து 1.7-க்குள் நின்றது. சீட்டில் விசை 31 கிலோவிலிருந்து 32.4 வரை. 6 கிலோ வித்தியாசம் ஒன்றரைக் கிலோவுக்குள் வந்துவிட்டது.

பூட்டிய பிறகு உண்மை ஸ்பிரிங்கோடு ஒருமுறை கேமை முழு லிஃப்டுக்குச் சுற்றி நிறுத்தி, சுருள்களுக்கு நடுவில் ஃபீலர் கேஜை நுழைத்து எல்லா இடைவெளியையும் கூட்டிப் பார்த்தோம். காகிதத்தில் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ ஓர் அளவு தப்பு. ராக்கர் ரிட்டைனரின் விளிம்பில் உரசுகிறதா என்றும் அதே நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள தூரத்தைக் களிமண் வைத்துப் பார்த்தது தனிக்கதை. இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 என்ற வழக்கமான அளவுக்கு மேலேயே இருந்தது, அதனால் அதில் இறங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்றக் கிளம்புகிறவர்களுக்கு: பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடிக்காமல் காட்டரில் கை வைக்காதீர்கள். கம்ப்ரெஸ்ஸர் இல்லாதவர்கள் அதே துளையில் சுத்தமான கயிற்றைத் திணித்து பிஸ்டனை மேலேற்றுவார்கள். அதுவும் வேலை செய்யும்.

கிள்ளான் பக்கத்து யார்டுகளில் கிடக்கும் ஹாஃப்கட், அதாவது ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்களின், என்ஜின் ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஜப்பான் ஒரிஜினல் அண்ணே’ என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். என்ஜின் நிற்கும்போது ஏதாவது சில வால்வு திறந்தே இருக்கும். கழற்றிப் போட்ட இன்டேக் வழியாக மழையும் ஈரமும் உள்ளே போகும். நம் ஊர் காற்றில் எண்ணெய் காய்ந்த எஃகு துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது. துரு துடைத்தால் போய்விடும், துரு தின்ற சின்னக் குழி போகாது. ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அப்படி ஒரு குழியிலோ கீறலிலோதான் ஆரம்பிக்கிறது. அதனால் மாமா ஸ்பிரிங்கைக் குறடால் தொடவே விட மாட்டார். புது ஸ்பிரிங்கையும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் என்ஜின் ஆயிலில் போட்டு வைத்துவிடுவார்.

கார் கிளம்பியது. புது ஸ்பிரிங் முதல் சூட்டில் கொஞ்சம் விசை இழக்கும் என்பதால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கவரைத் திறந்து சீட் விசையை மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருந்தோம். அதே நேரத்தில் என்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டுகிற ரெவ் லிமிட்டரை எங்கே வைப்பது என்ற சண்டையும் வந்தது. அவனுக்கு 8000 வேண்டும். ஸ்பிரிங் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, மிட்சுபிஷியின் மிவெக் என்ஜின் வைத்திருக்கிறவனெல்லாம் 8000 போகிறானே என்று வாதம்.

மிவெக் 4ஜி92-இன் ஸ்ட்ரோக் 77.5 மி.மீ. இதனுடையது 89. 8000-இல் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 20.7 மீட்டர் ஓடுகிறது, இது 23.7. வால்வு பக்கம் நாங்கள் செய்த வேலை, பிஸ்டனையும் அதை கிராங்கோடு இணைக்கிற கான்ராடையும் ஒரு கிராம்கூட லேசாக்கவில்லை. உள்ளே இருப்பது கம்பெனி கான்ராட், எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. லிமிட்டரை 7500-இல் வைத்தோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, ஃபோர்ஜ்டு கான்ராட் ஒரு செட் என்ன விலை வரும்?”